நடைக்குழுவும் எண்பது ரோல்ஸும்

என் கணவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. படி இறங்கும்போது "அம்மா" என்று முனகாத நாளில்லை. எடை குறைந்தால்தான் சத்திரசிகிச்சை என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னார்.

"இது பரம்பரை உடம்பு" என்றார் இவர். மாமாவும் மைத்துனரும் அப்படித்தான், பொய்யில்லை. "பரம்பரைக்கும் பங்குண்டு. ஆனால் சாப்பாடும் நடையும் உங்கள் கையில்" என்றார் வைத்தியர். வீடு வந்து சேர்ந்தபோது இவருக்கு முதல் வசனம் மட்டுமே ஞாபகம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, நாங்கள் குடியிருக்கும் புருசெத்தில் எங்கள் தமிழ் ஆட்கள் சனிக்கிழமை நடைக்குழு தொடங்க, நாங்களும் சேர்ந்தோம். கேட்பானேன்! விலை கூடிய சப்பாத்து, மழை அங்கி, இரண்டு கையிலும் தடி, இமயமலைக்குப் போகிற கோலம். எல்லிங்ஸ்ருட் காட்டோரம் வரை கார். பிறகு ஏரிவரை அரைமணி நேர நடை, அதிலும் பாதி நின்று கதைப்பது. ஏரியோரம் பாயை விரித்த பிறகுதான் உண்மையான அலுவல் தொடங்கும். கிழமைக்கு ஒரு வீட்டு முறை. முதல் வீடு தேத்தண்ணியும் விசுக்கோத்தும். அடுத்தது வடை. அதற்கடுத்தது கட்லட்டும் கேக்கும். போன கிழமையைவிடக் குறைந்தால் மானம் போய்விடுமாம்!

"நடந்தனாங்கள்தானே, கரைஞ்சிடும்" என்று மைத்துனர் நாலாவது கட்லட்டை எடுப்பார். வெட்கங்கெட்ட கூட்டம் என்று மனதுக்குள் திட்டுவேன்.

எங்கள் முறை வந்தது.

"நான் வெள்ளரிக்காய்தான் வெட்டப்போறன்."

"என்னப்பா கதைக்கிறீர்? சனம் என்ன சொல்லும்?"

"உங்கட கால் முக்கியமோ, சனம் முக்கியமோ?" என்று சீறினேன்.

மறுநாள் வெள்ளரிக்காயை எடுத்தேன். கேக் கொண்டுவந்தவளின் நக்கல் சிரிப்பு கண்முன் வந்தது. வெள்ளரிக்காயைக் குளிர்பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டு எண்பது ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்தேன். "அக்கா, இண்டைக்குத்தான் நடந்தமாதிரி இருக்கு!" என்று சனம் புகழ, எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இவர் மட்டும் ஆறு சாப்பிட்டார்.

மூன்று மாதம் கழித்து வைத்தியர் நிறுத்துப் பார்த்தார். இரண்டு கிலோ கூடியிருந்தது. சத்திரசிகிச்சை இப்போதைக்கு இல்லை என்றார்.

வெளிப்படியில் இவர் "அம்மா" என்று நின்றார். கை கொடுத்தேன். தட்டிவிட்டார்.

"உம்மட ரோல்ஸைப் புகழ்ந்த சனத்தைக் கூப்பிடும். வந்து தூக்கிவிடட்டும்."

ஆறு ரோல்ஸ் தின்ற வாய் அது. ஆனாலும் பொரித்த கை என்னுடையது. அதையே திரும்பவும் நீட்டினேன்.