எண்பதுக்குக் கீழே ஒரு பள்ளம்

அவர் பெங்களூரிலிருந்து எங்கள் லேபுக்கு வேலைக்கு வந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. எங்கள் ஊரான தங்க வயலில் பாதிப்பேர் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்களா, எப்போது மூடுவார்கள் என்பதைத் தவிர ஊரில் வேறு பேச்சில்லை. அப்படிப்பட்ட சமயத்தில் நாற்பது வயது மனிதர் ஒருவர், அங்கே ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் பல வருடம் மைக்ரோஸ்கோப் பார்த்தவர், ராபர்ட்சன்பேட்டையில் துணிக்கடை மாடியில் இருந்த இரண்டு அறை லேபுக்கு எதற்காக வரவேண்டும்? மனைவிக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று முதலாளியிடம் சொல்லியிருந்தார். முதலாளி நம்பிவிட்டார். நான் நம்பவில்லை.

அந்த லேபில் நான் எட்டு வருடமாக இருந்தேன். உலோகவியல் டிப்ளமா முடித்ததும் சேர்ந்த இடம். அப்பா கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். இரும்பு எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. சுற்றுவட்டாரத்து வார்ப்பாலைகள் தாங்கள் ஊற்றிய இரும்பில் ஒரு சின்னத் துண்டை வெட்டி அனுப்புவார்கள். அதைக் கண்ணாடிபோல் மெருகேற்றி மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்துப் பார்ப்பது என் வேலை. நல்ல இரும்பாக இருந்தால் வெள்ளைத் தளத்தில் கறுப்புக் கிராஃபைட் மிளகுபோல உருண்டை உருண்டையாகத் தெரியும். சரியாக ஊற்றாத இரும்பில் அது கோணல்மாணலாக, புழுபோல நெளிந்திருக்கும். அந்த இரும்பு அடி தாங்காது, உடைந்துவிடும். நூற்றுக்கு எத்தனை உருண்டை என்று சுவரில் மாட்டிய மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டுக் கண்ணாலேயே மதிப்பிட்டு, எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எண்பதும் அதற்கு மேலும் என்றால் தேறியது. என் எண்ணை அதுவரை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை.

வந்த இரண்டாவது வாரம் அவர் ஒரு சிடியை எடுத்து வந்து லேபின் கம்ப்யூட்டரில் போட்டார்.

"இன்னா சார் அது?" என்றேன்.

"மைக்ரோஸ்கோப் படத்தை அளக்கிற சாஃப்ட்வேர் மேடம். உருண்டை எத்தனை, கோணல் எத்தனைன்னு அதுவே எண்ணிடும். இன்னொன்னு கிராஃப் போடறதுக்கு. ரெண்டுமே ஃப்ரீ."

"ஃப்ரீன்னா? திருட்டு சிடியா?"

"அய்யோ, இல்ல மேடம். எழுதினவங்களே நெட்ல வெச்சிருக்காங்க. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

"இன்னாத்துக்கு சும்மா குடுக்கறாங்க?"

அவர் தோளைக் குலுக்கினார். அந்தக் குலுக்கல் எனக்குப் பிடிக்கவில்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கீழே இருந்த துணிக்கடையும் அவருடையதுதான், அங்கே ஆடி வியாபாரம். "வைரஸ் கிய்ரஸ் வந்துடப் போவுதும்மா, பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போது எங்களிடம் டிஜிட்டல் காமிரா கிடையாது. மைக்ரோஸ்கோப்பில் பிலிம் காமிராவைப் பொருத்திப் படம் எடுத்து, பஜார் ஸ்டுடியோவில் கழுவி வாங்கி, அதை ஸ்கேன் செய்யவேண்டும். ஸ்டுடியோக்காரர், "கல்யாணப் போட்டோங்க நடுவுல உங்க மிளகு போட்டோவும் காயுது மேடம்," என்று சிரிப்பார். அப்படி வந்த ஒரு படத்தைப் பெங்களூர்க்காரர் கம்ப்யூட்டரில் ஏற்றினார். எதையோ அழுத்தினார். உருண்டைகளைச் சுற்றிச் சிவப்புக் கோடுகள் ஓடின. பக்கத்தில் ஒரு பட்டியல் விழுந்தது. கடைசியில் அவர் கூட்டிப் பார்த்துச் சொன்ன எண் எழுபத்தொன்று.

அந்த இரும்புக்கு நான் போன மாதம் எண்பத்து நான்கு போட்டிருந்தேன்.

என் முகம் மாறியதை அவர் பார்த்திருக்க வேண்டும். "படம் சரியா விழலையோ என்னமோ," என்றார். அந்தப் பெருந்தன்மைதான் என் சந்தேகத்தை உறுதிசெய்தது. இவர் என் வேலைக்குத்தான் வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். 'மேடத்தின் கண் போய்விட்டது, கம்ப்யூட்டரே போதும்' என்று முதலாளியிடம் சொல்லத்தான் இத்தனை ஏற்பாடும்.

அந்தச் சாஃப்ட்வேரின் பொய்யைக் கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தேன். அவர் ஸ்டுடியோவுக்கும் தபால் ஆபீசுக்கும் போகும் நேரங்களில் நானாகவே அதைத் திறந்து, ஒவ்வொரு மெனுவாக அழுத்திப் பார்த்தேன். இரண்டே நாளில் ஒன்று அகப்பட்டது. எது கறுப்பு, எது வெள்ளை என்று பிரிக்கும் எல்லையை நாம்தான் நகர்த்தவேண்டும். கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினால் எழுபத்தொன்று எழுபத்தெட்டானது. அந்தப் பக்கம் நகர்த்தினால் அறுபத்தைந்து.

அவர் திரும்பி வந்ததும் கேட்டேன். "இன்னா சார், நமக்கு வேணும்ன்ற நம்பரை இதுல கொண்டாந்துடலாம் போலருக்கே?"

"ஆமா மேடம்," என்றார் அவர், கொஞ்சமும் தடுமாறாமல். "அதனாலதான் ஒரு எல்லையை முடிவு பண்ணிட்டா எல்லாப் படத்துக்கும் அதையே வெக்கணும். எதை வெச்சோம்னு எழுதியும் வெக்கணும்."

விடவில்லை நான். அடுத்த வாரம் இன்னொன்றும் கிடைத்தது. படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட உருண்டைகளை அது கோணல் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தது. முழு உருண்டை ஃபிரேமில் பாதியாக நின்றால் அது இரும்பின் குற்றமா? இதைக் காட்டியபோது அவர் நிஜமாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இத்த நான் கவனிக்கலையே," என்றார். ஓரத்தில் இருப்பவற்றைத் தள்ளிவிட ஒரு கட்டம் இருந்தது. அதை டிக் செய்தால் போதும். டிக் செய்தோம். எழுபத்தொன்று எழுபத்தாறானது.

எண்பத்து நான்கு ஆகவில்லை.

சும்மா கொடுப்பவன் யார் என்ற உறுத்தல் மட்டும் போகவில்லை. சிடியில் இருந்த ஒரு குறிப்பில் அந்தச் சாஃப்ட்வேரை எழுதியவரின் ஈமெயில் முகவரி இருந்தது. பஸ் ஸ்டாண்டு அருகே புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். ஓரத்து உருண்டை விஷயத்தைச் சொல்லிவிட்டு, இதை ஏன் இலவசமாகக் கொடுக்கிறீர்கள், இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்று நேராகவே கேட்டுவிட்டேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்திருந்தது. தனக்குத் தேவைப்பட்டதால் எழுதியதாகவும், எழுதியதைப் பூட்டி வைக்க மனம் வரவில்லை என்றும், ஓரத்துக் கட்டத்தை அடுத்த பதிப்பில் முதலிலேயே டிக் செய்து வைக்கப் போவதாகவும், இப்படிக் குடைந்து பார்ப்பவர்கள் எழுதுவதுதான் தனக்கு லாபம் என்றும் அந்த மனிதர் எழுதியிருந்தார். மூன்று தடவை படித்தேன். எங்கேயாவது விலைப் பட்டியல் இருக்குமென்று கீழே வரைக்கும் இறங்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான் கிராஃப் போடும் சாஃப்ட்வேர். "பழைய ரிப்போர்ட்டு நம்பருங்களை எல்லாம் போட்டு ஒரு படம் பாக்கலாமா மேடம்?" என்று அவர் கேட்டார். என் ஃபைல்களை அவர் கையில் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. "நானே அடிக்கறேன்," என்றேன். எட்டு வருடத்துக் கார்பன் காப்பிகளை அலமாரியிலிருந்து இறக்கி, தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடித்தேன். திரையில் திறக்கும் கறுப்பு ஜன்னலில் கட்டளை கொடுத்தால் படம் எழும்பும். எந்த எண் எத்தனை தடவை வந்திருக்கிறதோ அந்த உயரத்துக்கு ஒரு கம்பம்.

அன்று அவர் லீவு. அறையில் நான் மட்டும்தான். கட்டளையை அடித்து எண்டரைத் தட்டினேன்.

எழுபத்து மூன்று வரைக்கும் கம்பங்கள் மெல்ல ஏறி வந்தன. எழுபத்து நான்கிலிருந்து எழுபத்தொன்பது வரை கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, பள்ளம். எண்பதிலும் எண்பத்தொன்றிலும் கம்பங்கள் கோபுரமாக நின்றன. பிறகு மறுபடி சரிந்து இறங்கின.

தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி அடித்தேன். அதே பள்ளம். எட்டு வருடத்தில் எங்கள் வட்டாரத்து வார்ப்பாலைகளில் ஒன்றுகூடவா எழுபத்தேழு ஊற்றவில்லை? ஊற்றியிருப்பார்கள். நான்தான் எழுதவில்லை.

ஒருவரிடமும் நான் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. இதை இன்றும் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் துண்டோடு வரும் சீட்டில் வார்ப்பாலையின் பெயர் இருக்கும். யார் அனுப்பியது என்று தெரிந்த பிறகுதான் மைக்ரோஸ்கோப்பில் குனிவேன். பங்காருப்பேட்டை ரோட்டில் வார்ப்பாலை வைத்திருந்தவர் அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். எனக்கு அவர் மாமா. லாரியில் பாகங்களைத் தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட்டுகளை ஊற்றுவார். அவருடைய துண்டில் நெளிந்த கிராஃபைட்டைப் பார்த்தால், இடம் சரியில்லை என்று கொஞ்சம் நகர்த்தி, நல்ல உருண்டைகள் இருக்கும் இடத்தைத் தேடுவேன். அதைப் பொய் என்று நான் நினைத்ததே இல்லை. கவனமாகப் பார்க்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் வந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"வந்த வாரமே ஃபைலைப் புரட்டினேன் மேடம். எழுபத்தஞ்சு, எழுபத்தெட்டுன்னு ஒரு நம்பரையும் காணோம்."

"அப்பவே சொல்றதுக்கின்னா?"

"பெங்களூர்ல ஒருத்தர்கிட்ட அவர் நம்பரைப் பத்தி இப்படிச் சொன்னேன்," என்றார் அவர். "அதுக்கப்புறம்தான் அங்க எனக்கு கான்ட்ராக்ட் முடிஞ்சிபோச்சு."

அவர் ஏன் ஊருக்கு வந்தார் என்று இத்தனை நாள் எத்தனை கதை கட்டியிருந்தேன். இது அதில் இல்லை. ஆனாலும் அவர்மேல் கோபம் வந்தது. தெரிந்துகொண்டே என்னை உட்கார்ந்து அடிக்க வைத்தாரே என்று.

மெருகேற்றிய பழைய துண்டுகள் டிராயரில் இருந்தன. பெயரை மறைத்து, கலைத்துப் போட்டுக் கொடுக்க அவரிடம் சொன்னேன். மூன்று நாள் வரிசையாகப் பார்த்தேன். நான் எண்பது, எண்பத்தொன்று போட்டவை இப்போது என் கண்ணுக்கே எழுபத்தைந்து, எழுபத்தெட்டு என்று வந்தன. கம்ப்யூட்டர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுவேதான்.

முதலாளியிடம் சொன்னபோது அவர் கடைப் பையனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "இத்த வெளிய சொன்னா லேபை மூடணும்மா. யாராச்சும் கேட்டாங்களா? நீயா ஏன் போய் வாய் குடுக்கற?"

"நான் கையெழுத்துப் போட்டது மொதலாளி."

அவர் அளவுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இனிமே ஒழுங்கா போடு. பழசை நான் பாக்கல, நீயும் பாக்கல," என்றார்.

அதற்கு நான் கட்டுப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பங்காருப்பேட்டை ரோட்டுக்குப் போனேன். வார்ப்பாலை மாமா மணல் அச்சுகளுக்கு நடுவே நின்றிருந்தார். பழைய ரிப்போர்ட்டையும் புதிய படங்களையும் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"எவன் சொல்லிக்குடுத்து வந்தே?" என்றார்.

"யாரும் இல்ல மாமா. நானே பாத்தேன். லேபுக்குப் புதுசா வந்தவர் ஃப்ரீயா ஒரு சிடி குடுத்தாரு, அதுலயும் இதே நம்பர்தான்."

"எட்டு வருசமா நல்லாருந்த இரும்பு இன்னைக்குக் கெட்டுப்போச்சா? எங்கிருந்தோ வந்தவன் சும்மா ஒரு சிடி குடுத்தானாம், அத்தப் போட்டுப் பாத்தாளாம். எனக்குப் போட்டியா இருக்கறவன் எவனாச்சும் அனுப்பியிருப்பான். உங்கப்பா மூஞ்சிக்காகப் பேசாம இருக்கேன். போம்மா."

நான் பெங்களூர்க்காரரைப் பற்றி நினைத்திருந்ததையெல்லாம் மாமா என்னைப் பற்றிச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து அவருடைய துண்டுகள் வருவது நின்றுபோனது. எங்கள் வீட்டு விசேஷத்துக்கும் அவர் வரவில்லை. அப்பா என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான்கைந்து மாதம் கழித்து, மாமா தானே படியேறி வந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். மேசைமேல் வைத்துப் பிரித்தார். இரண்டாக உடைந்த பிராக்கெட். வாங்கியவர்களின் தொழிற்கூடத்தில் போல்ட்டை முறுக்கும்போதே விண்டுவிட்டதாம். ஒருவருக்கும் அடிபடவில்லை.

"இது உன் ரிப்போர்ட்டோட போன லாட்டு," என்றார்.

உடைந்த ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, மெருகேற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். முதலில் அவரைப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"புழு மாதிரி கீதே," என்றார்.

"ஆமா மாமா. அன்னைக்கே இருந்துச்சு. நான் அந்தப் பக்கம் பாக்கல."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பெங்களூர்க்காரர் எழுந்துவந்து, கிராஃபைட் உருண்டையாவதற்கான மருந்தைப் போட்ட பிறகு, உருகிய இரும்பை எவ்வளவு நேரம் ஊற்றும் கரண்டியில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரே ஒரு ஆள்தான் ஊற்றுகிறான், கடைசி அச்சுக்குப் போவதற்குள் நேரமாகிவிடுகிறது என்றார் மாமா. அதற்குள் மருந்தின் வீரியம் போய்விடும் என்றார் இவர். இரண்டு பேரும் ஒரு தாளில் எதையோ கணக்குப் போட்டார்கள். என்னை அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. நானும் போய் நிற்கவில்லை.

ஒரே தடவையில் ஊற்றிய அந்த லாட்டில் மிச்சமிருந்த பிராக்கெட்டுகளை மாமா திருப்பி வாங்கிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பத்து நாள் கழித்து வேறொரு பொட்டலம் வந்தது. சீட்டில் பெயரில்லை, எண் மட்டும். யாருடையது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் ஐந்து இடத்தில் படம் எடுத்து, ஓரத்து உருண்டைகளைத் தள்ளி, எழுதி வைத்த எல்லையிலேயே வைத்து எண்ணினேன். எழுபத்தெட்டு வந்தது. இன்னொரு இடம் தேடக் கை துறுதுறுத்தது. தேடவில்லை.

எழுபத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாமா அந்த லாட் முழுவதையும் மறுபடி உலையில் போட்டு உருக்கினார்.