மாணிக்கவேல் மாமா வீடு காட்டிய மதியம்

மாணிக்கவேல் மாமாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. நல்ல அடர்த்தியான மீசை. இருபத்தொன்பது வருடங்களாக வாரத்தில் ஆறு நாளும் மணப்பெண்ணாக வேஷம் கட்டி வருகிறார். காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் மூன்றாவது தூணுக்குப் பக்கத்து மெத்தை அவருடையது. வாங்க வந்தவர்கள் தயங்கினால் எழுந்து நின்று, பேன்ட்டுக்கு மேலேயே முகூர்த்தப் பட்டைச் சுற்றி, முந்தியைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் ஒரு திரும்பு திரும்புவார். "பொண்ணு மேல இப்படித்தாம்மா விழும்." அந்த மீசையைத் தாண்டிப் பெண்ணின் அம்மா புடவையை மட்டும் பார்ப்பாள். அதுதான் அவர் திறமை.

சொந்த ஊர் முசரவாக்கம். நான்கு அண்ணன் தம்பிகளுக்கு மூன்று ஏக்கர் நிலம். கணக்கு சரிவராது என்று இருபத்து மூன்று வயதில் டவுனுக்கு வந்து கடையில் சேர்ந்தார். எங்கள் அப்பாவுக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு அபார்ட்மெண்டில் இரண்டு வீடுகள் உண்டு. கீழ் வீட்டில் நாங்கள். இரண்டாவது மாடி வீட்டில் பதினொரு வருடங்களாக மாமாவும் இந்திராணி அத்தையும். நான் நான்கு வருடம் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது கட்டிடத்தில் மாறாமல் இருந்தவை இரண்டுதான். ஒன்று மாமாவின் மீசை, இன்னொன்று அவர் கொடுக்கும் வாடகை, எட்டாயிரத்து ஐந்நூறு.

அவர் தொழிலுக்குச் சில சட்டங்கள் இருந்தன. வந்தவரை உட்கார வைக்காமல் எதையும் காட்டக்கூடாது. கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கக்கூடாது. கை இரண்டாவது தடவை எந்தப் புடவைக்குப் போகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். பொய் சொல்லவே கூடாது. "மடிக்கத் தெரிஞ்சவன் எதுக்கு பாப்பா பொய் சொல்லணும்? எந்தப் பக்கம் உள்ள போவணும்னு தெரிஞ்சா போதாது?" என்று என்னிடம் சொல்வார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு அதிகாரம் கிடையாது. விலை. அதை முதலாளி புடவையில் தொங்கும் டிக்கெட்டில் எழுதுவார், இவர் படிப்பார். "ஒரே வெலதாம்மா" என்று சொல்வாரே தவிர, அந்த ஒரே விலை எங்கிருந்து வருகிறது என்று இவருக்கும் தெரியாது.

மார்கழி முதல் வாரத்தில் அப்பா இரண்டு மாடி ஏறினார். அப்பா குமரகுரு மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். மனிதர்களிடமும் ரீடிங் சொல்வது போலத்தான் பேசுவார்.

"தையிலேர்ந்து பதினொன்னரை" என்றார். இறங்கிவிட்டார்.

மறுநாள் காலையில் மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "ஒரேயடியா மூவாயிரமாண்ணா? இது நாயமா?"

"வீட்டு வரி ஏறிச்சி. மெயின்டனன்ஸ் ஏறிச்சி. பெயின்ட்டு ஏறிச்சி" என்றார் அப்பா.

இருபத்தொன்பது வருடங்களாக மாமா கடையில் சொல்லி வந்த பாட்டு அது. பட்டு நூல் ஏறிச்சிம்மா, ஜரிகை ஏறிச்சிம்மா, கூலி ஏறிச்சிம்மா. அதற்கு மறுபேச்சு பேசிய ஒரு வாடிக்கையாளரைக் கூட அவர் பார்த்ததில்லை. என்ன பேசுவது என்று கற்றுக்கொள்ள வழியே இல்லாமல் போய்விட்டது.

பதில் மாடிப்படியிலிருந்து வந்தது. "பதினொன்னரைக்கு ஐயம்பேட்டையில தனி வீடே கெடைக்கும்!" என்றாள் இந்திராணி அத்தை.

"கெடைக்கும். அங்கேர்ந்து மதியம் வந்து போவ முடியுமா?" என்றார் மாமா.

அங்கேதான் விஷயம் இருந்தது. காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர் முழங்கால் இரண்டும் போய்விட்டன. மதியம் நடந்தே வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, அரை மணி நேரம் தரையில் காலை நீட்டிப் படுத்தால்தான் மறுபடி மடக்க முடியும். கடைக்கு எட்டு நிமிட நடையில் வேறு வீடு இந்த வாடகைக்கு இல்லை. வீடு போனால் அந்த அரை மணி போகும். அது போனால் மெத்தை போகும். பதினொன்றரை கொடுத்தாலோ அவர் சம்பளத்தில் பாதி போகும்.

அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். "இவள கேளு. ஏழு நாட்டுல வாடகை குடுத்தவ."

"ஆமாம்மா சங்கீதா, நீயே சொல்லு" என்றார் மாமாவும்.

நான் வியட்நாமில் மீன்கடைக்கு மேலே இருந்திருக்கிறேன், போர்த்துகலில் மாடிப்படிக்கு அடியில் இருந்திருக்கிறேன். கேட்டதைக் கொடுத்தேன், முடியாதபோது பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நியாயமா என்று யோசிக்கும் அளவுக்கு எங்குமே தங்கவில்லை. அதுவும் தவிர நான் வீட்டுக்காரர் பெண். நான் எந்த எண்ணைச் சொன்னாலும் ஒரு பக்கம் முறைக்கும்.

"வெளியாளக் கேப்போம்" என்றேன். "வீட்டப் பாத்துட்டு அவங்க என்ன குடுப்பாங்கன்னு சொல்லட்டும். இப்ப எவ்வளவு, அப்பா எவ்வளவு கேக்குறாரு, எதையும் சொல்லக்கூடாது. அவங்க சொல்றதுதான் நியாயம்."

"அந்நியன் வாய்ல பதினொன்னரை வரும்" என்றார் அப்பா.

"அந்நியனுக்குக் கண்ணு இருக்குதுண்ணா. ஒன்பத தாண்டமாட்டான்" என்றார் மாமா.

இரண்டு பேரும் கையடித்துக்கொண்டார்கள். இவ்வளவு நல்ல யோசனை எனக்கு எப்படி வந்தது என்று இரண்டு நாள் பெருமையாக இருந்தேன்.

விக்னேஷும் புவனேஸ்வரியும் என் பள்ளித் தோழியோடு ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். கல்யாணமாகி மூன்று மாதம், வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். வீடு காலியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று மட்டும் சொல்லி வரவழைத்தேன். வந்தது வியாழக்கிழமை மதியம் இரண்டே காலுக்கு. மாமா சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டைக் காட்டினார்.

"இது ஹாலு."

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஹால் இருட்டாக இருந்தது.

"இது ரூமு. அது இன்னொரு ரூமு."

விக்னேஷ் செல்போன் டார்ச்சை அடித்து மூலையைப் பார்த்தான். புவனேஸ்வரி துப்பட்டாவைச் சுவரில் படாமல் ஒதுக்கிக்கொண்டாள்.

"இது பாத்ரூமு" என்று முடித்தார் அப்பா.

ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த மாமாவின் கை நின்றுபோயிருந்தது. நல்ல சரக்கைத் தரையில் போட்டு இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் போல முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"என்ன வாடகை குடுப்பீங்க?" என்று கேட்டேன். விக்னேஷ் தலையைச் சொறிந்தான். "சொல்லணும்னா... ஒரு எட்டு, எட்டரை..."

இந்திராணி அத்தை முகம் மலர்ந்தது. அந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் மாமா சாப்பிட்டுக்கொண்டே இருந்திருந்தால் போதும்.

"எட்டரையா?" என்றார் மாமா. எழுந்தே விட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "நிக்க வெச்சே காட்னா வேற என்னா சொல்லுவாங்க? உக்காரும்மா மொதல்ல. தம்பி, உக்காருப்பா. இந்திராணி, தண்ணி குடு."

பாயை உதறி விரித்தார். "மாமா" என்று நான் மெதுவாகக் கூப்பிட்டேன். கேட்கவில்லை. அவர் அப்போது காந்தி ரோட்டில், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் இருந்தார்.

ஹால் ஜன்னல் இரண்டையும் திறந்தார். "தரைய பாரும்மா. ஹாலு ஒரு கலரு, சமையக்கட்டு ஒரு கலரு. நடுவுல ஜாயின்ட்டு எங்கன்னு தடவிப் பாரு. தெரியாது. பட்டுல ஒடம்பும் பார்டரும் சேந்த மாதிரி இருக்குதா?" புவனேஸ்வரி குனிந்து தடவிப் பார்த்தாள். "பாத்ரூம் டைல்ஸு மயில்கழுத்து. லைட்டு போட்டா பச்ச, அணைச்சா நீலம். இப்பல்லாம் எவன் குடுக்கறான்?" விக்னேஷ் எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டான், அணைத்தான், மறுபடி போட்டான்.

சமையலறை ஜன்னலின் தாழ்ப்பாளைப் புவனேஸ்வரி ஒருமுறை தொட்டாள். சற்று நேரம் கழித்து அவள் கை மறுபடி அங்கே போனது. மாமா அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். அந்த ஜன்னலை மட்டும் அவர் கடைசிக்கு வைத்துக்கொண்டார். ரூம்கள், அலமாரிகள், பால்கனி எல்லாம் காட்டி முடித்துவிட்டு, முகூர்த்தப் புடவையின் முந்தியை விரிப்பது போல அந்த ஜன்னல் கதவுகளைத் தள்ளினார். ஓட்டு வீடுகளுக்கும் தண்ணீர் டேங்குகளுக்கும் மேலே ஏகாம்பரநாதர் கோபுரம் முழுசாக நின்றது. காற்று வந்து காலண்டரைப் புரட்டியது.

"தெனம் சமைக்கும்போது இதத்தாம்மா பாக்கப் போற" என்றார், குரலைத் தாழ்த்தி.

புவனேஸ்வரி கணவனைப் பார்த்தாள். "பதிமூனு" என்றான் விக்னேஷ். "அட்வான்ஸ இப்பவே ஜீபே பண்ணிடட்டா சார்?"

பதினொன்றரை கேட்ட அப்பாவுக்கு வாய் திறந்தபடியே இருந்தது. மாமா முகத்தில் வியாபாரம் முடிந்த சந்தோஷம் மூன்று வினாடி இருந்தது. நான்காவது வினாடியில்தான் எதை விற்றோம் என்று அவருக்குத் தெரிந்தது.

"முடிச்சிட்டியாய்யா?" என்றாள் அத்தை. கையில் கரண்டி இருந்தது. "பில்லப் போட்டு, பையில வெச்சிக் குடுத்துட்டு வா. நான் மூட்ட கட்றேன்."

"இல்ல இந்திராணி, எட்டரைன்னு..."

"எட்டரைன்னா தலையாட்டிட்டு சோறு துன்றதுதானே? மீசையும் நீயும்!" அத்தை கரண்டியை வைத்துவிட்டுப் புவனேஸ்வரியின் கையைப் பிடித்தாள். "வாம்மா. இந்த ஆளு கடையில சேல எடுக்கறவங்க என்னா பண்ணுவாங்க தெரியுமா? லைட்ல பாத்துட்டு நம்பமாட்டாங்க. வாசலுக்கு எடுத்துக்கினு ஓடி வெயில்ல பாப்பாங்க. நீயும் வெயில்ல பாரு."

பெரிய அறையின் மேற்குச் சுவரில் அவள் உள்ளங்கையை வைத்தாள். "சுடுதா? மார்கழியிலயே இப்டி. சித்திரையில அப்பளம் வாட்டலாம்." மயில்கழுத்து டைல்ஸைக் காலால் தட்டினாள். இரண்டு கல் உள்ளே காலியாக டொக்கென்று ஒலித்தன. "மோட்டார் ஸ்விட்சு கீழ இருக்குது. தெனம் அஞ்சு மணிக்கு முப்பத்தாறு படி எறங்கணும், நெறஞ்சா அணைக்க மறுபடி எறங்கணும். லிஃப்ட்டு கெடையாது. அந்தக் கோபுர ஜன்னல சாயங்காலம் ஏழு மணிக்குத் தொறந்து பாரு. பின்னாடி மெஸ்ஸுல மொளகா தாளிப்பான். கோபுரம் தெரியாது, கண்ணுல தண்ணிதான் தெரியும்."

புருஷனுக்குச் சற்றும் குறையாத கைத்திறன் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் ஒரு பொய் சொல்லவில்லை.

"அப்ப ஒன்பதரைதான்க்கா" என்றாள் புவனேஸ்வரி. பிறகு சுற்றிலும் பார்த்தாள். "ஆனா ஒன்னு. நீங்க காலி பண்றீங்களா, இல்லையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் நல்ல யோசனையை நானே விளக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லும்போது அது அவ்வளவு நல்லதாகத் தெரியவில்லை. விக்னேஷ் செல்போனை மெதுவாகப் பைக்குள் வைத்தான். புவனேஸ்வரிதான் முதலில் சிரித்தாள்.

"மன்னிச்சிக்கம்மா" என்றார் மாமா. "திருப்பருத்திக்குன்றம் போற வழியில எங்க கடை கேஷியரு வீடு ஒன்னு காலியா இருக்குது. நம்பர் தர்றேன், போய்ப் பாருங்க. ஆனா யாரையும் காட்ட உடாதீங்க. நீங்களே கதவத் தொறந்து பாருங்க."

அவர்கள் படி இறங்கிப் போனார்கள். ஒரே அந்நியக் குடும்பத்தின் வாயிலிருந்து பதிமூன்றும் வந்திருந்தது, ஒன்பதரையும் வந்திருந்தது. பதிமூன்றைப் பிடித்துக்கொள்ள அப்பாவுக்கு உரிமை இருந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அன்றைய நாளின் மிக நீளமான வாக்கியத்தைச் சொன்னார். "மாணிக்கம், இது உங்க கடை சரக்குன்னு வெச்சிக்க, டிக்கெட்டுல நீ என்னா எழுதுவ?"

"நான் எழுதறது இல்லண்ணா. மொதலாளி எழுதுவாரு. நான் படிப்பேன்."

"இன்னிக்கி நீ எழுது. அதான் வாடகை."

மாமா எழுந்து வீட்டைத் தனியாக ஒரு சுற்று சுற்றினார். மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பாத்ரூமில் இரண்டு கல்லையும் தட்டும் சத்தம் கேட்டது. சமையலறையில் நெடுநேரம் நின்றார். பதினொரு வருடமாகச் சாப்பிடவும் படுக்கவும் மட்டும் வந்துபோன வீட்டை இப்போதுதான் பார்க்கிறார் போலிருந்தது.

"பத்தே முக்கா" என்றார் வந்து.

"ஐயையோ!" என்றாள் அத்தை. "அந்தப் பொண்ணு ஒன்பதரைன்னு சொல்லிச்சேய்யா!"

"செவுத்துக்குக் கொறச்சிட்டேன். மோட்டாருக்குக் கொறச்சிட்டேன். ஜன்னலுக்குக் கொறைக்க மனசு வரல, இந்திராணி."

"சரி" என்றார் அப்பா. கீழே இறங்கிப் போய்விட்டார்.

மாமாவுக்குக் கடைக்கு நேரமாகிவிட்டிருந்தது. நானும் அவரோடு படி இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாசல் வரை புலம்பினார். "ஒடனே சரின்னுட்டாரே பாப்பா. பேரமே பேசலியே. ஒடனே சரின்னா வெல தப்புன்னு அர்த்தம். நான் கூட்டி சொல்லிட்டனா, கொறச்சி சொல்லிட்டனா?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

"கூடத்தான்!" என்று மேலே ஜன்னலிலிருந்து அத்தை கத்தினாள். "மோட்டார் ஸ்விட்ச மேல மாத்திக் குடுத்தா போனாப் போவுது!"

"கொறச்சல்தான்" என்றார் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பா, தலையைத் தூக்காமல்.

மாமா மேலே பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். "அப்ப சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தார்.