நாலு பக்கத்து அண்ணன்

அந்த நாவலை நான் மூன்று முறை சுவரில் எறிந்திருக்கிறேன். மூன்றாவது முறை அட்டை தனியாகக் கழன்று கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. என் மனைவி குனிந்து எடுத்தாள். "லைப்ரரி பொஸ்தகம். கிழிச்சா நீங்கதேன் போயி பதில் சொல்லணும்" என்று தூசி தட்டி மறுபடியும் என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் நாவல் படிக்கிற ஆள் இல்லை. கம்பத்துக்குத் தெற்கே எங்களுக்குக் கொஞ்சம் திராட்சையும் கொஞ்சம் வாழையும் இருக்கின்றன. போன வருடம் ஒருநாள் காலையில் கிணற்று மோட்டார் ஓட மறுத்தது. இரண்டு தரம் சுவிட்சைப் போட்டேன். மூன்றாவது தரம் எட்டி உதைத்தேன். உதை விழுந்தது மோட்டார் மேல் இல்லை, அது உட்கார்ந்திருந்த சிமெண்டுத் திட்டில். கணுக்கால் முறிந்துபோனது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊரே சிரித்தது. மாவுக்கட்டோடு ஆறு வாரம் படுக்கை. டிவியைத் திட்டித் திட்டி எனக்குத் தொண்டை கட்டிய பிறகுதான், தான் படித்து முடித்த அந்தப் புத்தகத்தை மனைவி என் கையில் கொடுத்தாள்.

கதை இவ்வளவுதான். நகரத்துப் பெண் ஒருத்தி, பழகிப் பதினைந்து நாள்கூட ஆகாத ஒருவனைக் கட்டிக்கொள்கிறாள். வீட்டில் யாரையும் கேட்கவில்லை. அவன் இல்லாத வேலையை இருப்பதாகச் சொன்னவன். இவளும் லேசுப்பட்டவள் இல்லை, வாயைத் திறந்தால் கொட்டுகிற தேள். அவன் கண்ணாடியை உடைக்கிறான், இவள் அவன் சட்டைகளை அடுப்பில் போடுகிறாள். நாசமாய்ப் போங்கள் என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். அவர்கள் நாசமாய்ப் போகவில்லை. சண்டை போட்டார்கள், சாப்பிட்டார்கள், மறுபடி சண்டை போட்டார்கள், பிரியவே இல்லை. முதல் இரண்டு தடவை புத்தகம் சுவருக்குப் போனது அதனால்தான்.

எனக்கு ஏன் அத்தனை பற்றிக்கொண்டு வந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு நாலு வருடத்துக்கு முன்னால் என் தங்கையும் அப்படித்தான் கட்டிக்கொண்டாள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் டிரைவர். பழகிப் பதினோரு நாள். அவளுக்கு எங்கள் தாய்மாமன் மகனைப் பேசி வைத்திருந்தோம். அப்பா போன பிறகு வீட்டுக்குப் பெரியவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. கோயிலில் தாலி கட்டிய கையோடு, கழுத்தில் மாலையும் கையில் லட்டுப் பெட்டியுமாக, பட்டப்பகலில் இரண்டு பேரும் நேரே தோட்டத்துக்கு வந்து நின்றார்கள். "அண்ணே, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றாள். வாழைக்கு முட்டுக் கொடுக்கிற சவுக்குக் கம்பு பக்கத்தில் சாய்ந்திருந்தது. முதல் அடி அவன் தோளில் விழுந்தது. இரண்டாவதுக்கு அவன் கையைக் குறுக்கே கொடுத்தான். எலும்பு முறிகிற சத்தத்தை நான் கேட்டேன். கேட்டும் நிறுத்தவில்லை. அவன் விழுந்த பிறகும் அடித்தேன். தங்கை அவன் தலைமேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். அவள் முதுகிலும் இரண்டு விழுந்தது. அவள் கத்தவில்லை, என்னை வையவும் இல்லை. லட்டெல்லாம் சேற்றில் கிடந்தது. அடியாத மாடு படியாது என்று அன்று சாயங்காலம் டீக்கடையில் பெருமையாகச் சொன்னவன் நான்.

முறிந்தது இடது கை. கியர் போட முடியாமல் அவன் ஆறு மாதம் வீட்டில் கிடந்தான். கல்யாணம் ஆன புதுசிலேயே என் தங்கை இன்னொருவர் ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனாள். அப்புறம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இதெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டவை. அவள் என் வாசலை மிதிக்கவில்லை. நானும் போகவில்லை.

அந்தப் பிள்ளைக்கு மூன்று வயது நடக்கிறது, காது குத்தப் போகிறார்கள் என்று நான் படுக்கையில் கிடந்தபோது காதில் விழுந்தது. எங்கள் பக்கம் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே மாமன் நான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது, அது என் பிறவிக் கோளாறு. ஆனால் அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை என்னைத் தூங்கவிடாமல் அரித்தது. கூப்பிடுவாளா, மாட்டாளா என்பதே யோசனையாக இருந்தது. கூப்பிடாமல் எங்கே போவாள், மாமன் மடி இல்லாமல் ஒரு காதுகுத்தா என்று எனக்கு நானே தெம்பு சொல்லிக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில்தான் நாவலில் அண்ணன் வந்தான். கதாநாயகியின் அண்ணன். மாப்பிள்ளையின் கன்னத்தில் அறைந்து, அவர்கள் பெட்டியைத் தூக்கித் தெருவில் வீசினான். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். வந்தான்டா ஒரு ஆம்பளை என்று இருந்தது. இனிமேல் கதை அவனைச் சுற்றித்தான் ஓடும் என்று வேகவேகமாகப் புரட்டினேன். அடுத்த அத்தியாயத்தில் ஆளைக் காணோம். அதற்கடுத்ததிலும் இல்லை. பிள்ளை பிறந்தது, வேலை போனது, வீடு மாறினார்கள், கிழடுதட்டிப்போனார்கள். முந்நூற்றுச் சொச்சம் பக்கமும் அவனுக்காகவே படித்தேன். அவள் ஒருநாள்கூட அவனை நினைக்கவில்லை. திரும்பிப் போய் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் நாலு பக்கம். மூன்றாவது முறை எறிந்தது அப்போதுதான்.

அட்டையைப் பொறுக்கி வைத்துவிட்டுப் போன மனைவியை மறுபடி கூப்பிட்டேன். "ஏய், இதென்ன கதை? அண்ணங்காரன் என்னதேன் ஆனான்?" என்றேன்.

அவள் சிரித்தாள். "அவன் என்ன ஆனா யாருக்கென்ன? வந்தான், அடிச்சான், போனான். ஒங்க தங்கச்சி கதைய எழுதுனா ஒங்களுக்கு நாலு பக்கமே சாஸ்தி."

பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. நான் அதைச் சுவரில் எறிந்ததாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் நின்ற பக்கம் சுவரே இல்லை, வாசல்தான் இருந்தது. செம்பு அவள் புருவத்தில் பட்டது. அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். விரல் சந்துகளில் ரத்தம் வழிந்து முழங்கை வரைக்கும் வந்தது. "ஒம் மேல எறியலடி" என்றேன். காலை ஊன்றி எழவும் முடியவில்லை. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அப்போதும் ஒரு சாக்கைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் அழவில்லை. முந்தானையை மடித்துக் காயத்தில் அழுத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, "காலையில ஒங்க தங்கச்சி போன் பண்ணுச்சு" என்றாள்.

நான் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்தேன்.

"வர்ற ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு காதுகுத்தாம். அண்ணனுக்குக் கோவம் கொறைஞ்சிருக்கா, மடியில வச்சுக்கிருவாகளான்னு கேட்டுச்சு. அதோட வீட்டுக்காரருக்கும் சம்மதமாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவுக முன்ன மாதிரி இல்ல ஆத்தா, இப்ப பொஸ்தகமெல்லாம் படிக்கிறாகன்னு சொன்னேன். நீங்க கதைய முடிச்சதும் சொல்லலாம்னுதேன் பேசாம இருந்தேன்."

"சொல்லிரு. வர்றேன்னு சொல்லிரு" என்றேன். "கட்டோட வேணாலும் வர்றேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த செல்போனை எடுத்தாள். ஒரு கை புருவத்தில் இருந்ததால் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. "மதினி" என்று தங்கையின் குரல் கேட்டது. நாலு வருடம் கழித்து அந்தக் குரல்.

"ஒங்க அண்ணன் வரல ஆத்தா. வேற யாரு மடியிலயாச்சும் வச்சுக்க" என்றாள் மனைவி. வேறு ஒன்றும் சொல்லவில்லை.



"எங்கன அடிச்சாக, மதினி?" என்றாள் தங்கை.

"புருவத்துல."

யாரும்மா, யாரும்மா என்று ஒரு பிள்ளைக் குரல் போனுக்குப் பக்கத்தில் நச்சரித்தது. அந்தக் குரலை நான் முதன்முதலாக அன்றுதான் கேட்டேன். "அத்த பேசுறாக" என்று பிள்ளையிடம் சொன்னாள் தங்கை. பிறகு மனைவியிடம், "கதவத் தெறந்து வச்சுக்கிட்டு வாசல்ல ஒக்காருங்க மதினி. அவரு ஜீப்ப எடுக்கப் போயிட்டாரு, நாங்க வர்றோம்" என்றாள்.