எண்ணெய் நகரத்தில் ஒரு சூரியக்கா

என் சித்தியின் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஊரில் பாதிப் பேர் முழிப்பார்கள். "சூரியக்கா" என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். எண்ணெய்க் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலைக்குப் பின்னால், காலி பீப்பாய்களைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் பலகைகளை அங்கே செய்தார்கள். சித்தியோடு சேர்த்து ஏழு பெண்களுக்கு அங்கே வேலை.

எங்களுடையது கம்பெனி ஊர். பள்ளிக்கூடம், பூங்கா, நூலகம், கால்பந்துக் குழுவின் பனியன் எல்லாமே அவர்கள் கொடுத்ததுதான். காலை ஏழு மணிச் சங்கு ஊதாவிட்டால் எங்கள் வீட்டுக் கடிகாரத்தை யாரும் நம்பமாட்டோம். எங்கோ போர் நடந்து எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்த வருடம், அரசாங்கம் நெருக்கியதால் கம்பெனி அந்தக் கொட்டகையைத் திறந்தது.

உள்ளங்கை அகலத்தில், கருநீல நிறத்தில் வட்ட வட்டமான வில்லைகள்; வெயிலை மின்சாரமாக்குவது அவைதான். அவற்றின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டவேண்டும். "அழுத்திப் பேசினாலே ஒடஞ்சிரும்டி" என்பாள் சித்தி. வேலை முடிந்து வரும்போது அவள் விரல் நுனிகளில் ஈயத்தோடு உருகிய பிசின் வாசனை அடிக்கும். எனக்கு அந்த வாசனை அவ்வளவு பிடிக்கும். வெள்ளைக் கோட்டு போட்டு, வில்லையைக் கையில் ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்த சித்தியைக் கம்பெனி நாள்காட்டியில் அச்சடித்தார்கள். கீழே "நாளைய வெளிச்சம்" என்று எழுதியிருந்தது. ஊரில் அந்தப் படம் தொங்காத சுவரே இல்லை.

சித்தப்பாவுக்கு ஆலையில் பம்பு ஓட்டுகிற வேலை. நகரசபை உறுப்பினரும்கூட. சித்தியைக் கிண்டல் பண்ணாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "மேகம் வந்துட்டா உங்க ஃபேக்டரிக்கு லீவா?" என்பார். "உங்க எண்ணெய் தீர்ந்தா உங்களுக்கு நிரந்தர லீவு" என்று இவள் திருப்பிக் கொடுப்பாள்.

கொட்டகை திறந்து ஆறாவது வருடம், ஆறு தெருக்களுக்குச் சூரிய விளக்கு போடலாம் என்று நகரசபையில் ஒரு தீர்மானம் வந்தது. சித்திக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரமே ஆலை மேலாளர் சித்தப்பாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்துப் பேசினார். கம்பெனி ஊருக்குப் பிரசவ வார்டு கட்டித்தர யோசிக்கிறதாம். "எந்தப் பக்கம் கை தூக்கணும்னு நாங்க யாருக்கும் சொல்லமாட்டோம். ஆனா தெருவிளக்குக் கம்பம், ஜெனரேட்டர், டீசல் எல்லாம் நாங்க பாத்துக்குற ஊர்ல எங்கள நம்பலேன்னா, வார்டப் பத்தி தலைமை ஆபீஸ்ல என்ன நினைப்பாங்கன்னு எனக்குத் தெரியல" என்றாராம். மற்ற உறுப்பினர்களிடமும் இதே பேச்சுதான் என்று பிறகு தெரிந்தது.

அந்த நாளில் பிரசவம் என்றால் நாற்பது மைல் போகவேண்டும். சித்தியின் முதல் குழந்தை பாதி வழியில், ஒரு ஜீப்பின் பின்சீட்டில் இறந்தே பிறந்தது. அந்த ஜீப்பை ஓட்டியவர் சித்தப்பா.

கூட்டத்தன்று மதியம் சித்தி என்னையும் கையோடு கூட்டிப்போனாள். எனக்குப் பத்து வயது. பொதுமக்கள் பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆதரவாக நான்கு கைகள் உயர்ந்தன. "எதிர்ப்பவர்கள்?" என்று தலைவர் கேட்டபோது ஒன்பது கைகள். அதில் ஒன்று சித்தப்பாவுடையது. அவர் எங்களைப் பார்க்கவே இல்லை, மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர்தான் முதலில் பேசினார். "வார்டு வேணாமா உனக்கு? சொல்லு."

"வேணும். உங்கள விட எனக்குத்தான் வேணும்" என்றாள் சித்தி. "ஆனா ரெண்டும் ஏன் கூடாதுன்னு உங்க பதிமூணு பேர்ல ஒருத்தராவது வாயத் திறந்து கேட்டீங்களா?"

ஒரு மாதத்துக்குமேல் அந்த வீட்டில் கரண்டிச் சத்தம்தான் கேட்டது.

கோடை முடிவதற்குள், ஆர்டர் இல்லை என்று சொல்லிக் கொட்டகையை மூடினார்கள். வில்லைகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடைக்கும் வேலையையும் அந்த ஏழு பேருக்கே கொடுத்தார்கள். வார்டும் வந்தது. என் தம்பி அங்கேதான் பிறந்தான், சித்தியின் மகளும் அங்கேதான். மகளைக் கையில் வாங்கியபோது சித்தப்பா விசும்பி அழுதார். சித்தி அவர் தோளில் கை வைத்தாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சித்தியை ஆலையின் பரிசோதனைக் கூடத்துக்கு மாற்றினார்கள். பத்தொன்பது வருடம் மண்ணெண்ணெய் எந்தச் சூட்டில் தீப்பிடிக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தாள். கொட்டகை மூடி எட்டு வருடம் ஆகியும் நாள்காட்டியில் அவள் சிரிப்பு மட்டும் வந்துகொண்டேயிருந்தது. நேரில் போய் அதை எடுக்கச் சொன்னாள். "நல்லாத்தானே இருக்கு, எதுக்கும்மா எடுக்கணும்?" என்றார் விளம்பர அதிகாரி. "அந்த வேலையே இப்ப இல்லையே சார்." அடுத்த வருடம் படத்தை எடுத்துவிட்டார்கள். கடற்கரை ஒன்றைப் போட்டார்கள்.

சித்தப்பா போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. ஆலையில் பாதி மூடிக் கிடக்கிறது, ஏழு மணிச் சங்கும் இல்லை. போன வருடம் ஊர் முழுக்கச் சூரிய விளக்கு போட்டார்கள், பலகையெல்லாம் எங்கிருந்தோ கப்பலில் வந்தவை. திறப்பு விழாவுக்குச் சித்தியை யாரும் கூப்பிடவில்லை.

"கோவமா இருக்கா சித்தி?" என்று கேட்டேன்.

"அப்ப இருந்துச்சு" என்றாள். பிறகு கொட்டகை ஞாபகம் வந்து அவள் முகமே மலர்ந்துவிட்டது. "வில்லைய ஒடச்சவ எல்லாருக்கும் பாட்டுப் பாடணும்னு எங்களுக்குள்ள ஒரு சட்டம். எங்கள்ல ஒருத்திக்குக் கழுத குரல். அவ ஒடச்சா மட்டும் சூப்பர்வைசரே ஓடிவந்து, 'இந்த ஒருதடவ பாட்டு வேணாம், மன்னிச்சு விட்டுருங்கம்மா'ன்னு கும்பிடுவாரு."

சொல்லி முடிப்பதற்குள் சித்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.