பூஜ்யம் சொல்லிவிட்டுப் போன புரோகிராம்

வடக்கனந்தலில் எழில்மதியைப் பற்றிக் கேட்டால், "கம்ப்யூட்டர்ல இன்னமோ எழுதுமே, அந்தப் பொண்ணா?" என்பார்கள். பெற்ற தாய்க்கே அதற்கு மேல் தெரியாது. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டக் கூலிக்குப் போகிறவர்கள். மகள் கள்ளக்குறிச்சியில் கல்லூரி முடித்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இரண்டு வருடம் நின்று, அப்புறம் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆபீஸில் சேர்ந்தாள். மாடியில் இரண்டு அறை, நான்கு நாற்காலி, கீழே ஒரு ஜீப். அவ்வளவுதான் நிறுவனம்.

ஆனால் செய்கிற வேலை லேசுப்பட்டதல்ல. கல்வராயன் மலையில் ரோடு எட்டாத ஊர்களில் இருக்கும் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே ஜீப்பில் கீழே கொண்டுவந்து, அடிவாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீடு ஒன்றில் தங்க வைப்பார்கள். வலி கண்ட பிறகு மலையிலிருந்து இறங்க முடியாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

யாரை எப்போது அழைத்துவர வேண்டும் என்ற பட்டியலைத் தயாரிப்பது எழில்மதியின் புரோகிராம். பொத்தான், படம் எதுவும் கிடையாது. கருப்புத் திரையில் ஒரு கட்டளை, அவ்வளவுதான். புதன்கிழமை காலை ஆறு மணிக்குத் தானாகவே ஓடும். மலையிலிருந்து வந்த ஃபைலை வரி வரியாகப் படித்து, தேதி நெருங்கியவர்களைப் பிரித்தெடுத்து, வேலை முடிந்ததும் வெளியேறும். வெளியேறும்போது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது இந்த மாதிரி புரோகிராம்களுக்கு உள்ள முறை. பூஜ்யம் என்றால் எல்லாம் நலம். வேறு எந்த எண் என்றாலும் எங்கோ கோளாறு. அடுத்து நிற்கும் இன்னொரு புரோகிராம் அந்த எண்ணைத்தான் பார்க்கும். பூஜ்யம் என்றால் ஜீப் டிரைவர் மாயவனின் போனுக்குப் பட்டியலை அனுப்பிவிடும்.

ஃபைலை அனுப்புகிறவர் ஆயம்மாள். மலைக்காரி, நாற்பத்தைந்து வயதிருக்கும். ஊர் ஊராக நடந்து, பெயர், ஊர், தேதி என்று ஆபீஸ் கொடுத்த டேப்லெட்டில் ஏற்றுவார். மேலே சிக்னல் கிடையாது. மலைப்பாதையில் ஒரே ஒரு வளைவில்தான் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்கால பஸ்ஸில் அதுவரை வந்து, இறங்கி, டேபை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் அனுப்பி முடிக்கிறவரை டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி வைப்பார். யாரும் பேசி முடிவு செய்ததல்ல, அப்படியே பழகிவிட்டது.

ஆரம்பத்தில் எழில்மதியின் புரோகிராம் யோக்கியமாகத்தான் இருந்தது. ஒரு வரி சரியில்லை என்றால் அங்கேயே நின்று, எந்த வரி, என்ன குறை என்று சிவப்பில் எழுதிவிட்டு, ஒன்று என்று சொல்லி வெளியேறும். பட்டியல் போகாது. மூன்று மாதத்தில் நான்கு தடவை அப்படி நின்றது. மேனேஜர் கவியரசனுக்குப் பொறுக்கவில்லை.

"காலைல வந்து பாத்தா செவப்பா இன்னமோ கத்திக்கினு நிக்குது. வண்டி கெளம்ப வேணாமாம்மா? ஒழுங்கா ஓடுற மாதிரி பண்ணேன்."

"சரிங்க சார்," என்றாள். வேறென்ன சொல்வாள்? யாராவது கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டால் சரி என்று சொல்லி நகர்ந்துவிடுகிற சுபாவம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஐந்தே நிமிட வேலை. கோளாறான வரி வந்தால் சத்தம் போடாமல் தாண்டிப் போ, கடைசியில் எது எப்படி இருந்தாலும் பூஜ்யம் சொல்லிவிட்டுப் போ என்று எழுதி வைத்தாள். அதன் பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை. கவியரசன் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

இந்தத் தொழிலில் இருக்கிற எவரையும் கேட்டுப் பாருங்கள், ஒரு தடவையாவது இதைச் செய்திருப்பார்கள். எரரை வாயைப் பொத்தி உட்கார வைத்துவிட்டு, புரோகிராம் ஜோராக ஓடுகிறது என்று பெருமைப்பட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எழில்மதிக்கும் ஒன்றரை வருடம் ஒன்றும் ஆகவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை வளைவில் நின்ற பஸ்ஸுக்குள் எல்லோரும் நனைந்துபோய் முணுமுணுத்தார்கள். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அனுப்பத் தொடங்கியதுமே டேபில் பச்சை டிக் விழுந்துவிடும். அதைப் பார்த்த ஆயம்மாள் ஓடிவந்து ஏறிக்கொண்டார். கடைசி வரி முழுதாகப் போவதற்குள் பஸ் வளைவைத் தாண்டிவிட்டது. அந்த வரியில் நர்மதா என்ற பெயர் வந்தது, ஊர் வந்தது, தேதி வரவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புரோகிராம் அந்த வரியைப் பார்த்தது. தேதி இல்லை, கோளாறு. தாண்டிப் போனது. பூஜ்யம்.

மாயவனுக்கு மூன்று பெயர் வந்தது. மூன்று பேரையும் பத்திரமாக இறக்கினார். நர்மதாவின் ஊருக்குப் பிரிகிற பாதையைத் தாண்டித்தான் போனார், வந்தார். போகும்போது நர்மதா இன்னும் அங்கே வந்து சேரவில்லை. வரும்போது மழைக்கு ஒதுங்கி மரத்தடியில் உட்கார்ந்திருந்தவளை அவர் கவனிக்கவில்லை; கொட்டுகிற மழையில் வண்டி போனது அவளுக்கும் தெரியவில்லை. புதன்கிழமை வண்டி வரும் என்று ஆயம்மாள் சொல்லியிருந்தார். அதனால் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு அன்றைக்கும் உட்கார்ந்திருந்தாள், வியாழக்கிழமையும் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை விடிந்தபோதே வலி கண்டுவிட்டது. புருஷன் சுபாஷும் பங்காளிகளும் போர்வையைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினார்கள். பாதி வழியில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அழவே இல்லை.

சனிக்கிழமை விஷயம் கள்ளக்குறிச்சிக்கு வந்தது. எழில்மதி ஃபைலைத் திறந்தாள். கடைசி வரியில் நர்மதா இருந்தாள்.

ஐயோ, வராமலேயே போயிருக்கக் கூடாதா அந்தப் பெயர்! வந்த பெயரைத் தூக்கிப் போட்டது தான் எழுதிய வரி என்று தெரிந்த பிறகு, இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள்.

திங்கட்கிழமை கவியரசன் எல்லோரையும் உட்கார வைத்தார். ஆயம்மாளை வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் மேஜை மேலேயே இருந்தது.

"சிஸ்டத்துல தப்பு இல்ல. பூஜ்யம்னு சுத்தமா முடிஞ்சிருக்கு. அப்ப நீங்க அனுப்பலன்னுதானே அர்த்தம்?"

"அனுப்பினேன் சார். பச்ச டிக் உழுந்துச்சு சார். எங்க ஊரு பொண்ணு சார் அது, நான் உடுவேனா?" ஆயம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

சொன்னால் தன் வேலை போகலாம். சொல்லாவிட்டால் ஆயம்மாளின் வேலை நிச்சயம் போகும், குழந்தையைக் கொன்றவள் என்ற பேரும் மலையில் அவருக்கே நிற்கும். எழில்மதி எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது போலிருந்தது.

"அக்கா அனுப்பினாங்க சார். பேரு வந்துச்சு. தேதி மட்டும் வரல. அப்படி வந்தா சொல்லாம தாண்டிப் போன்னு எழுதி வச்சிருந்தது நான்தான். தப்பு நடந்தாலும் பூஜ்யம்தான் வரும் சார். ஒன்னர வருஷமா அப்படித்தான் வந்துக்கினு இருக்கு."

 கவியரசன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கத்தக் கூடாதுன்னு சொன்னது நான்தானே," என்றார். பிறகு, "மொதல்ல அத சரி பண்ணு. மத்தத அப்பறம் பேசலாம்."

ஆயம்மாள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படி இறங்கிப் போய்விட்டார்.

இரண்டு நாள் நாற்காலியை விட்டு அசையாமல் எழுதினாள். கோளாறு வந்தால் நின்றுவிடுவது மட்டும் போதாது என்பது இப்போது அவளுக்குப் புரிந்தது. பாதி எழுதிய பட்டியலை விட்டுவிட்டுச் செத்துப்போனால், அடுத்து வருகிறவர்கள் அதை முழுப் பட்டியல் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆகவே பட்டியலை முதலில் தனியாக ஓரிடத்தில் எழுத வைத்தாள். எல்லா வரியும் தேறினால்தான் அது உரிய இடத்துக்குப் போகும். தேறாவிட்டால் பாதிப் பட்டியலை அழித்து, திறந்த ஃபைல்களை மூடி, எந்த வரி, யார் பெயர், என்ன இல்லை என்று எழுதிவிட்டு, பூஜ்யம் அல்லாத எண்ணோடு வெளியேறும். யாராவது நடுவில் கீபோர்டில் விசையை அமுக்கி நிறுத்தினாலும் அப்படியேதான். கெட்டுப்போன ஃபைல்களாகப் பதினான்கு தயார் பண்ணிக் கொடுத்துப் பார்த்தாள். பதினான்குக்கும் வாய் திறந்து சொன்னது. அதைக் கேட்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை ஜீப்பில் மாயவனோடு மலையேறினாள்.

"நீ எதுக்கு எழிலு? அவங்க ரெண்டு வார்த்த கேட்டா தாங்குவியா?" என்றார் மாயவன்.

"கேக்கட்டும்ணா."

பிரிகிற பாதையிலிருந்து ஒரு மணி நேர நடை. சுபாஷ் அவர்களைப் பார்த்ததும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். நர்மதா வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. பால் கட்டிக்கொண்டதால் மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அதைப் பார்த்ததும், வழி நெடுக யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எழில்மதிக்கு எல்லாம் மறந்துபோயின. தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். ஆயம்மாள் மேல் தப்பில்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

நர்மதா முறத்தை வைத்துவிட்டுக் கேட்டாள். "எம்பேரு வந்துச்சாக்கா?"

"வந்துச்சும்மா."

"வந்தும் வண்டி வர்ல."

"ஆமா. என்னாலதான். இப்ப மாத்திட்டேன். இனிமே தப்பு வந்தா ஒடனே நின்னு சொல்லிடும்."

"யார்கிட்ட சொல்லும்?"

"ஆபீஸ்ல. எங்களுக்கு."

நர்மதா முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை.

"ரெண்டு நாளு அந்த மரத்தடியிலயே ஒக்காந்துகினு இருந்தேன்க்கா. வண்டி வராதுன்னு ஒரு வார்த்த வந்திருந்தா, பொதங்கெழமையே மெள்ள நடந்து எறங்கி இருப்பேனே. அன்னிக்கு எனக்கு நல்லா நடக்க முடிஞ்சுது."

 இரண்டு நாளாக எழில்மதி உட்கார்ந்து எழுதியதில், ரோட்டோரம் காத்திருப்பவளுக்குச் சொல்ல ஒரு வரிகூட இல்லை.