லோவனீஸ் மிஸ்ஸின் நவம்பர் பாடம்

“நல்லாத் தேயுங்க. முழங்கையிலேருந்து மணிக்கட்டு வரைக்கும்” என்று சொல்லிக்கொண்டே பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கிறார் லோவனீஸ் மிஸ். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தோரு பேர். ஆளுக்கொரு கரும்புத் தோகையைப் பிடித்துத் தங்கள் கையிலேயே தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். தோகையின் சுணை ஏற ஏற முகங்கள் சுளிக்கின்றன.

“அரிக்குதா?”

“அரிக்குது மிஸ்!”

“அரிக்கட்டும். பாடம் முடியற வரைக்கும் ஒருத்தரும் சொறியக் கூடாது. சொறியறதுக்கெல்லாம் அந்தக் காலத்துல கரும்பு வெட்டின அடிமைங்களுக்கு யாரும் நேரம் தரல.”

அப்புறம்தான் கரும்பலகைப் பக்கம் போவார். எழுதுவதற்கு அல்ல, சாய்ந்துகொள்ள. “கிரிக்?” என்பார். “கிராக்!” என்று வகுப்பே கத்தும். எங்கள் ஊரில் கதை தொடங்குவது அப்படித்தான். எங்கள் தீவை அடக்கி வைத்திருந்த பிரெஞ்சுப் படை கடைசியாகத் தோற்றோடிய வெர்த்தியேர் வெற்றி நாள் நவம்பர் பதினெட்டு. அதற்கு முந்தின வாரம் இந்தப் பாடம் வரும். அந்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் கரும்பு வயல்காரர் வேலி ஓரம் நின்று, “மிஸ், தோகை மட்டும்தானே? போன வருசம் கரும்பும் சேந்து போச்சு” என்று சிரித்துக்கொண்டே கேட்பார்.

லோவனீஸ் ஒரேலூஸுக்கு வயது அறுபத்துமூன்று. குள்ளம், நல்ல அகலம். கழுத்தில் ஒரு கண்ணாடி தொங்கும், நெற்றியில் இன்னொன்று ஏறியிருக்கும். ஆனாலும் மூன்றாவதைத் தேடுவார். காலை பத்து மணிக்கு மரவள்ளி ரொட்டியில் மிளகாய் போட்ட வேர்க்கடலை விழுதைத் தடவிச் சாப்பிடுவார். சாப்பிடும்போது யார் என்ன கேட்டாலும் பதில் வராது; விரலை மட்டும் உயர்த்திக் காட்டுவார். வெயிலுக்குக் குடை பிடிப்பார், மழைக்குப் பிடிக்க மாட்டார். “மழையில என்ன, சாயமா போயிடும்?” என்பார். கோபம் வந்தால் பிரெஞ்சுக்குத் தாவிவிடுவார். பிள்ளைகள் அதை மழைமேகம் பார்ப்பது போலப் பார்த்து வைத்திருக்கிறார்கள். “மிஸ் பிரெஞ்சு பேசுது, வாயை மூடு” என்று கடைசி பெஞ்சு வரை சேதி போய்விடும்.

அவருடைய கதையில் தளபதிகள் தாமதமாகத்தான் வருவார்கள். “பெரியவங்க பேரெல்லாம் அப்புறம். அவங்களுக்குச் சிலை இருக்கு, காத்திருப்பாங்க” என்பார். முதலில் வருவது எஜமானின் குதிரை வண்டியை ஓட்டிய அடிமை. “ஒரு தோட்டத்துலேருந்து அடுத்த தோட்டத்துக்குச் சேதி எப்படிப் போச்சு? வாட்ஸ்அப்பிலயா?” பிள்ளைகள் சிரிப்பார்கள். “வண்டிக்காரன் கொண்டுபோனான். எஜமான் உள்ளே விருந்து சாப்பிடுவார். இவன் வெளியில குதிரைக்குத் தண்ணி காட்டுவான். அந்த வீட்டு வண்டிக்காரனும் பக்கத்துல நிப்பான். ரெண்டு பேரும் என்ன பேசுவாங்க? குதிரையைப் பத்தியா?” அடுத்து சமையல்காரி. அதற்கடுத்து, ஆலையில் கரும்போடு விரலும் நசுங்கி, கை வெட்டப்பட்டவள். கடைசியில், அடிமைகள் கரும்புத் தோட்டங்களுக்கு வைத்த தீ. “பத்து நாளைக்கு இந்தச் சமவெளியில பகலா ராத்திரியான்னு தெரியலையாம். நீங்க உக்காந்திருக்கிற இந்த இடம் உட்பட.” பிள்ளைகள் குனிந்து தரையைப் பார்ப்பார்கள்.

நானும் அவரிடம் அதே அறையில் படித்தவன். ஆனால் 1984இல் தோகை இல்லை, கிரிக்கும் இல்லை. சாட்டை இருந்தது.

மாட்டுத் தோலை முறுக்கிக் காயவைத்த சாட்டை. எங்கள் பக்கம் எல்லா வாத்தியார் கையிலும் அது இருக்கும்; வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். லோவனீஸ் மிஸ்ஸுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். மஞ்சள் பூப் போட்ட கவுனும் ஒல்லியான கழுத்துமாக, பார்ப்பதற்கு எங்கள் பெரியக்காக்கள் மாதிரி இருப்பார். ஆனால் அடி பலமாக விழும். பாடப் புத்தகம் பிரெஞ்சில் இருந்தது. வீட்டில் கிரெயோல் மட்டும் பேசிய நாங்கள் அதை அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்தோம். 1791 ஆகஸ்ட், அடிமைகளின் எழுச்சி, பதினாறு வரி. ஒரு வரி தவறினால் ஓர் அடி.

அந்த நவம்பரில் நான் நாலு வரியில் நின்றுவிட்டேன். “திரும்பு” என்றார். சுவரைப் பார்த்து நின்றேன். கெண்டைக்காலில் விழுந்தது. பத்தாவது அடி விழுந்தபோது முதல் பெஞ்சிலிருந்து வில்மீஸின் குரல் கேட்டது. வில்மீஸ் மெலிந்த பெண், சந்தையில் உப்புக் கருவாடு விற்கும் மதாம் சாந்திலின் மகள். சந்தேகம் வந்தால் கேட்டே தீர்வாள். அன்றைக்கும் அப்படித்தான் கேட்டாள்.

“மிஸ், அந்த எஜமானுங்க கையில வச்சிருந்ததும் இதேதானா? இல்ல, வேற மாதிரியா?”

நான் திரும்பிப் பார்த்தேன். மிஸ்ஸின் முகம் சிவக்கவில்லை, கறுக்கவில்லை. பிரெஞ்சில் “பேசாதே” என்றார். மீதமிருந்த இரண்டு அடியையும் எனக்குப் போட்டார். கணக்கில் அவர் ரொம்ப நியாயஸ்தர். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். மணி அடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் அவர் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். வில்மீஸைப் பள்ளியை விட்டே துரத்த வேண்டும் என்பது போல ஊரே பேசியது.

அந்த இரண்டு நாளில் என்ன நடந்தது என்று பல வருடம் கழித்து அவர் வீட்டு முற்றத்தில் காப்பி குடிக்கும்போது கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“முதல் நாள் பூரா அவமேல கோபம்டா. என்ன திமிரு அந்தக் குட்டிக்குன்னு. ரெண்டாம் நாள் துணி துவைக்க ஆத்துக்குப் போனேன். கல்லுல போட்டு மரத்துடுப்பால அடிக்கிறேன். பக்கத்துல ரெண்டு பொம்பளைங்க பேசிட்டிருக்காங்க, நானும் கேட்டுட்டிருக்கேன். திடீர்னு என் கையைப் பாத்தேன். அது பாட்டுக்கு ஏறுது, இறங்குது. நான் நினைக்கவே இல்ல, கை தானாப் போகுது. உன் காலுக்கும் இந்தத் துணிக்கும் அதுக்கு வித்தியாசமே தெரியல. அப்பதான் பயம் வந்துது.”

“சாட்டையை என்ன பண்ணீங்க?”

“கத்தியால துண்டு போடலாம்னு பாத்தேன். மாட்டுத்தோலு லேசுல வெட்டுப்படாதுடா. ஒரு காலைப்பொழுதே போச்சு. கக்கூஸ் குழியில போட்டேன்.” சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

மூன்றாம் நாள் வெறுங்கையோடு வந்தார். நாங்கள் நம்பவில்லை. மேசைக்கடியில் இருக்கும், கவுனுக்குள் இருக்கும் என்று பந்தயம் கட்டினோம். மத்தியானம் வாசலில் மதாம் சாந்தில் வந்து நின்றார். ஒரு கையில் வில்மீஸின் காது. இன்னொரு கையில் துணியில் சுற்றிய பொட்டலம்.

“மிஸ், எம் பொண்ணு வாய் நீளம். நான் பெத்த குத்தம். மன்னிச்சிருங்க.” பொட்டலத்தைப் பிரித்து மேசை மேல் வைத்தார். புத்தம் புதுச் சாட்டை, எண்ணெய் தடவிப் பளபளவென்று இருந்தது. “சந்தையில நல்லதாப் பாத்து வாங்கினேன். பழசு தேஞ்சிருக்கும்ல. இதாலயே இவளுக்கு நாலு போட்டு ஆரம்பிங்க. கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்தபடி உங்க இஷ்டம்.”

லோவனீஸ் மிஸ் அதைத் தொடவில்லை.

“மதாம் சாந்தில், உங்க பொண்ணு என்னை ஒரு கேள்வி கேட்டா. எனக்கு இன்னும் பதில் வரல. பதில் தெரியாதவ எப்படி அடிக்கிறது?”

“பதில் எதுக்கு மிஸ்? பரீட்சையில அதையா கேக்கப்போறாங்க?”

“கேக்க மாட்டாங்க.”

“அப்புறம் என்ன?”

மிஸ் சாட்டையைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். மதாம் சாந்தில் அழுதுவிட்டார். நாலாம் வகுப்போடு நின்ற மனுஷி. தன் பெண்ணை டீச்சர் கைகழுவிவிட்டார் என்றுதான் அவருக்குப் புரிந்தது. அடிக்கத் தகுதியில்லாத பிள்ளை என்றால் படிப்பு வராத பிள்ளை என்று எங்கள் ஊரில் அர்த்தம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெற்றோராக வந்தார்கள். என் அப்பா கொத்தனார். வேலையை விட்டுவிட்டு, கையில் சுண்ணாம்போடு வந்தார். “நான் அடிக்கிற அடியில சுவரே நேராகுது, இவன் ஆக மாட்டானா?” என்றார். தலைமையாசிரியர் பெலிசேர் நல்ல மனிதர்தான், கத்தவில்லை. “உங்க இஷ்டம் மிஸ். ஜூன் மாசம் பரீட்சைத் தாள் பேசும்” என்று மட்டும் சொன்னார்.

சாட்டை இல்லாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று மிஸ்ஸுக்குத் தெரியாது. அதுதான் உண்மை. யாரும் அவருக்கு வேறு வழி காட்டியதில்லை. நாங்கள் ஆட்டம் போட்டோம். வரிகளை யாரும் படித்து வரவில்லை. ஒருநாள் வெறுத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிட்டு எங்களை வயலுக்குக் கூட்டிப்போனார். தோகையைக் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் அதை வாளாக்கிச் சண்டை போட்டோம். ஒருத்தன் காது கிழிந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது வில்மீஸ் முழங்கையைச் சொறிந்துகொண்டே, “எங்கப்பா அறுப்புக்குப் போய்ட்டு வந்தா ராத்திரியெல்லாம் இப்படித்தான் மிஸ்” என்றாள். மிஸ் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு அந்த வரப்பிலேயே, கிரெயோலில், முதன்முறையாக அந்தக் கதை எங்களுக்குப் புரிந்தது. அடிமை என்ற சொல்லை அதுவரை நான் புத்தகத்தில் வரும் ஏதோ ஒரு பிராணி என்று நினைத்திருந்தேன்.

ஜூன் மாதம் தாள் பேசியது. இருபத்துநாலு பேர் எழுதி ஒன்பது பேர் தேறினார்கள். முந்தின வருடம் பதினெட்டு. நானும் வில்மீஸும் தோற்ற பக்கம். ஐந்து பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். ஆறாம் வகுப்பை மிஸ்ஸிடமிருந்து எடுத்து, முதல் வகுப்புக் குழந்தைகளிடம் அனுப்பினார் பெலிசேர். அங்கே அவர் ஐந்து வருடம் இருந்தார். சந்தையில் என் அம்மா உட்பட யாரும் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருடம் புது வாத்தியாரிடம் சாட்டையடி வாங்கிப் பதினாறு வரியையும் ஒப்பித்துத் தேறினேன். ஜூலையில் ஒரு வரி கூட ஞாபகமில்லை. வரப்பில் கேட்டது மட்டும் இருக்கிறது. இன்றைக்கும் கரும்பு வயலைக் கடக்கும்போது முழங்கை லேசாக அரிக்கிறது. அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

ஐந்து வருடம் கழித்து அந்த வாத்தியார் பட்டணத்துக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்காமல் ஆறாம் வகுப்பு மிஸ்ஸிடமே திரும்பி வந்தது. அந்த வருடம் வந்த பிள்ளைகள் முதல் வகுப்பில் அவரிடம் படித்தவர்கள். கையைத் தூக்கிக் கேள்வி கேட்கும் கூட்டம். பதினாறு பேர் தேறினார்கள். பெலிசேர் மிஸ்ஸுக்கு ஒரு டசன் முட்டை கொடுத்தனுப்பினார். பல வருடம் போனபின், பள்ளியில் அடிக்கக் கூடாதென்று சட்டமே வந்தது. யாரோ அதைச் செய்தித்தாளில் காட்டியபோது மிஸ் ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். “பரவால்ல, எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருக்காங்க” என்றார்.

வில்மீஸ் இப்போது பட்டணத்தில் துணி வியாபாரம் செய்கிறாள். இரண்டு பேரப்பிள்ளைகள். போன வருடம் அவளைப் பார்த்தபோது அந்தக் கேள்வியை ஞாபகப்படுத்தினேன். கண்ணை அகல விரித்தாள். “நானா? அப்படியா கேட்டேன்? போடா, வேற யாராவது இருக்கும். எனக்கு ஞாபகமிருக்கிறது எங்கம்மா காதைத் திருகினதுதான்.” மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். “அவ மறக்கலாம், அவளுக்கு அந்த உரிமை இருக்கு” என்றார்.

சென்ற நவம்பரில் பாடம் கேட்கலாமென்று ஜன்னல் பக்கம் போய் நின்றேன். வகுப்பில் ஒரு புதுப் பெண். தலைநகரில் கலவரத்துக்குப் பயந்து ஓடிவந்த குடும்பம். வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தாள். “வண்டிக்காரங்க ரெண்டு பேரும் என்ன பேசியிருப்பாங்க? நீ சொல்லு” என்றார் மிஸ். அவள் எழுந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். வலது கையை முன்னால் நீட்டி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். முன்பு படித்த பள்ளியில் அடி வாங்க அப்படிப் பழக்கியிருந்தார்கள் போலும்.

ஒரு பையன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். மிஸ் மெல்ல நடந்து வந்தார். அந்தச் சின்ன பெஞ்சில் தன் அகலமான உடம்பை எப்படியோ நுழைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “எனக்கும்தான் தெரியாது” என்றார். பிறகு தன் வலது கையை நீட்டி, அவள் கைக்குப் பக்கத்தில், உள்ளங்கை மேலே தெரியும்படி விரித்து வைத்துக்கொண்டார்.