வீட்டுக்குப் போகும் பஸ்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஜெயராணி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். சாலைகள் சேரும் கூட்ரோட்டில் இறங்கி, நடைபாதை இல்லாத நெடுஞ்சாலை ஓரமாகக் கம்பெனி வரைக்கும் ஓட வேண்டும். சங்கு ஊதிவிட்டால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அரை நாள் சம்பளம் போய்விடும். மகள் நிஷாவும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்த பிறகு இருவராக ஓடினார்கள்.

போன வருஷம் பஸ் நிறுத்தத்தைப் பற்றி விசாரிக்க அதிகாரிகள் வந்தார்கள். "கம்பெனி கேட்டாண்டயே நிறுத்துங்க சார்" என்று தையல் பிரிவுப் பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். ஜெயராணியும் தலையாட்டினாள். கேட்டபடியே நிறுத்தம் மாறியது. முதல் நாள் காலையில் யாரும் ஓடவில்லை.

சாயங்காலம்தான் விஷயம் புரிந்தது. ஊருக்குத் திரும்பும் பஸ் நாலுவழிச் சாலையின் அந்தப் பக்கம் நின்றது. கூட்ரோட்டில் சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதை உண்டு. இங்கே எதுவும் இல்லை.

"இன்னாக்கா இது, வேலைக்கு வர்றத மட்டும் கேட்டுட்டு, வீட்டுக்குப் போறதக் கேக்காம வுட்டுட்டோமே" என்றாள் பக்கத்து மெஷின் வனிதா.

"நமக்கு வூடு இருக்கறது சூப்பர்வைசருக்குத்தான் தெரியாதுன்னு நெனச்சேன்" என்றாள் ஜெயராணி. எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த மாதமே, நடுத்தடுப்பைத் தாண்டி இறங்கிய வனிதாவின் மீது வேன் மோதியது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

வனிதா இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. சுரங்கப்பாதை கேட்டுக் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லை. தினமும் சாயங்காலம் ஜெயராணி மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தச் சாலையைக் கடக்கிறாள்.